கோர்ப்பி சகோதரிகளின் துப்பாக்கி

வைனோ எந்தப் பக்கமும் சாயாதவன் என்று ஊரில் பெயர். சிலர் அதைப் பாராட்டாகச் சொன்னார்கள், பலர் கிண்டலாக. அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்கரையில் இருந்த அந்தச் செம்புச் சுரங்க ஊரில் சாய்வதற்குப் பக்கங்களுக்குக் குறைவில்லை. எல்லாரும் ஃபின்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள்தான். ஆனாலும் தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு தேவாலயம், எதிரே அதிலிருந்து கோபித்துக்கொண்டு பிரிந்தவர்களின் தேவாலயம். கூட்டுறவுக் கடையும் அப்படியே இரண்டு. வைனோ ஒன்றில் காப்பித்தூள் வாங்குவான், மற்றதில் ஆணி வாங்குவான். கிறிஸ்துமஸுக்கு ஒரு தேவாலயம், ஈஸ்டருக்கு மற்றது. சுரங்கத்தில் பெரிய வேலைநிறுத்தம் வந்தபோது அவனுக்கு நிமோனியா வந்து படுத்துவிட்டான். நேரம் பார்த்து வந்த காய்ச்சல் என்று இரண்டு தரப்பும் பேசிக்கொண்டன.

கல்யாணமும் அப்படித்தான் கை நழுவியது. அவனோடு பழகிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, டெட்ராய்ட்டில் வேலை கிடைத்திருக்கிறது, போகட்டுமா இருக்கட்டுமா என்று கேட்டாள். "உன் இஷ்டம்" என்றான். அவள் போய்விட்டாள்.

சுரங்கம் மூடியபோது அதன் பட்டறையில் தான் நின்று வேலை செய்த லேத்தை அவன் விலைக்கு வாங்கி, வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய சௌனாவில் கொண்டுவந்து நிறுத்தினான். நீராவிக்குளியல் போட்ட அறையில் இப்போது எண்ணெய் வாசம். பால்பண்ணைக்காரர்களின் பம்பு, படகு மோட்டார், துப்பாக்கி என்று எது பழுதானாலும் அவனிடம்தான் வரும். முயலோ காட்டுக்கோழியோ அவன் சுட்டதில்லை. ஆனால் ஊரில் பாதித் துப்பாக்கிகளின் உள்குழலை அவன் பார்த்திருக்கிறான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு இலையுதிர் காலத்தில் கோர்ப்பி சகோதரிகள் வந்தார்கள். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டியிருந்தது. கட்டிக்கொண்ட புருஷன்மார் பெயர் வேறு வேறாக இருந்தாலும் ஊருக்கு அவர்கள் இன்னும் கோர்ப்பிப் பெண்கள்தான். அடுத்தடுத்த வீடு. ஆனால் இரண்டு வண்டியில் வந்து இறங்கினார்கள்.

மூத்தவள் ஹில்மா கம்பளியில் சுற்றியிருந்த துப்பாக்கியை மேசைமேல் வைத்தாள். ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போடுகிற பழைய சின்னத் துப்பாக்கி. அவர்கள் அப்பா சாகும்போது வீட்டை மூத்தவளுக்கும் நிலத்தை இளையவளுக்கும் கொடுத்துவிட்டு, துப்பாக்கியை மட்டும் பொதுவில் விட்டிருந்தார். ஒரு வருஷம் இவளிடம், மறு வருஷம் அவளிடம்.

"இதுக்குள்ள பாரு வைனோ. பாத்துட்டு, கெடுத்தது யாருன்னு சொல்லு" என்றாள் ஹில்மா.

"சரி பண்ணவும் சொல்லு" என்றாள் தங்கை லெம்பி. "இவளுக்குக் குத்தம் கண்டுபிடிச்சா போதும், வயிறு நெறஞ்சிடும்."

"பத்தடியில நிக்கிற முயல்மேல படமாட்டேங்குது. இவகிட்ட குடுக்கறப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

"உங்கிட்ட இருந்து வாங்கறப்பவே அது கோணல்தான். தொடைக்காம மூலையில சாத்தி வெச்சவ நீ."

வைனோ குழலைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். குண்டைச் சுழற்றிவிடுகிற வரிகள் பளபளவென்று சுற்றிக்கொண்டு போகவேண்டிய இடத்தில், கரையான் தின்ற பலகை மாதிரி இருந்தது.

"சரி பண்ணலாம்" என்றான். "உள்ள இருக்கிற ஓட்டையைப் பெருசாத் துளைச்சுட்டு, வரி போட்ட புது எஃகுக் குழாய் ஒண்ணை அதுக்குள்ள சொருகணும். வெளிய பாத்தா ஒண்ணும் மாறியிருக்காது."

"நான் கேட்டது அது இல்லியே" என்றாள் ஹில்மா.

"வேலை முடியட்டும்."

"முடிஞ்சதும் சொல்லுவியா? இல்ல, அப்பவும் காய்ச்சல் வந்துடுமா?" என்று லெம்பி கேட்டாள். வைனோ கம்பளியை மடித்து அவளிடம் கொடுத்தான்.

குழலை லேத்தில் பிடித்து மெதுவாகச் சுற்றவிட்டு, நீளமான டிரில்லைப் பின்பக்கத்திலிருந்து உள்ளே செலுத்தினான். டிரில்லின் முனையில் இருந்த மழுங்கல் மூக்கு பழைய ஓட்டையைப் பிடித்துக்கொண்டு வழி காட்டியது. கட்டைவிரல் அகலம் போனதும் வெளியே இழுத்து, துருவலைத் துடைத்து, எண்ணெய் விட்டு மறுபடி. அவசரப்பட்டால் டிரில் ஒரு பக்கமாக ஒதுங்கிக் குழலின் சுவரைக் கிழித்துவிடும். பாதியில் ஒரு முனகல் கேட்டது. நிறுத்தி உருவிப் பார்த்தான். துருவல் சிக்கியிருந்தது. டிரில்லைத் தீட்டிக்கொண்டு வந்து மீண்டும் தொடங்கினான்.

வெளியே வந்த துருவலை விரலில் தேய்த்தபோது அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. மேலே கெட்டிப்பட்ட பழைய எண்ணெய், அதற்கு அடியில் கருந்துரு. புதிதாகப் பிடித்தது இல்லை. அந்தக் காலத்துத் தோட்டா வெடித்தால் குழலுக்குள் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிற ஒருவித உப்புப் படியும். அது வெந்நீருக்குத்தான் கரையும், எண்ணெய்க்கு அசையாது. சகோதரிகள் கைக்குத் துப்பாக்கி வந்தபோது தோட்டாவே மாறிவிட்டிருந்தது. கெடுத்தது ஹில்மாவும் இல்லை, லெம்பியும் இல்லை. சனிக்கிழமை தவறாமல் வாசலில் உட்கார்ந்து துப்பாக்கிக்கு எண்ணெய் போட்ட கோர்ப்பிக் கிழவர்தான்.

இதைச் சொல்லாமல் விட்டால் என்ன என்று புதுக்குழாய்க்குப் பசை தடவும்போது யோசித்தான். யாராலும் இல்லை, வயசாகிவிட்டது என்று சொன்னால் முடிந்தது. புதுக்குழாய் சொருகிய குழலை அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்தான். காய்ந்த பிறகு, நீட்டிக்கொண்டிருந்த நுனியை அறுத்து, குழல் வாயின் விளிம்பை வழவழவென்று உருட்டி, தோட்டா உட்காரும் குழியைக் கடைந்தான். கை ஓடிக்கொண்டே இருந்தது, மனம் ஒரு இடத்தில் நிலைக்கவில்லை. வருஷக்கணக்காக அந்தப் பெண்கள் ஒருத்தி சமைத்ததை ஒருத்தி தொடுவதில்லை. அது அவனுக்கு என்னவோ போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சகோதரிகள் வந்தார்கள், இப்போதும் இரண்டு வண்டியில். லெம்பி ஏலக்காய் போட்ட பின்னல் ரொட்டி கொண்டுவந்திருந்தாள். ஹில்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சொல்லு" என்றாள்.

"உங்க அப்பா" என்றான் வைனோ.

இருவரும் அவனையே பார்த்தார்கள். அவன் உப்பையும் எண்ணெயையும் விளக்கினான். வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக அவன் பேசியதில்லை.

"எங்க அப்பா துப்பாக்கியைத் தொடைக்காம விட்டாரா?" ஹில்மாவின் குரல் தாழ்ந்திருந்தது.

"தொடைச்சாரு. தொடைச்ச விதந்தான் தப்பு."

"செத்தவங்க வந்து பதில் சொல்லமாட்டாங்கன்னு சொல்றியா?" என்றாள் லெம்பி. "இத்தனை காலம் வாயை மூடிட்டு இருந்தே. தெறக்கறப்ப இதுதான் கெடச்சுதா?"

"வா போலாம்" என்றாள் ஹில்மா, தங்கையைப் பார்த்து.

இருவரும் விறுவிறுவென்று நடந்துபோய் ஹில்மாவின் வண்டியில் ஏறினார்கள். அது தெருவில் திரும்பி மறைந்த பிறகுதான் லெம்பியின் வண்டி வாசலிலேயே நிற்பதை வைனோ பார்த்தான். துப்பாக்கியும் மேசைமேலேயே கிடந்தது. ஒரு துண்டு ரொட்டி பிட்டு வாயில் போட்டுக்கொண்டான். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினான்.

செவ்வாய்க்கிழமை ஒரே வண்டியில் வந்தார்கள். லெம்பி முற்றத்திலிருந்தே பேச்சைத் தொடங்கினாள்.

"சின்னதுல நான் ஒருவாட்டி சௌனா வெந்நீரை எடுத்து அந்தக் குழலுக்குள்ள ஊத்திக் கழுவினேன். துருப்பிடிக்க வெக்கிறியான்னு அப்பா பிடிச்சு அடிச்சாரு. அந்தக் குளிர்காலம் முழுக்க துப்பாக்கியை என்னைத் தொடவே விடல." அக்காவைப் பார்த்தாள். "போய்ச் சொல்லிக்குடுத்தது இவ."

"சொன்னேன்" என்றாள் ஹில்மா. "தண்ணி பட்டா கெட்டுப்போகும்னுதான் நானும் நெனச்சேன். நேத்து ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்து அதைத்தான் பேசிட்டிருந்தோம்." வைனோவின் பக்கம் திரும்பினாள். "அதுக்காக நீ சொன்ன விதம் சரின்னு ஆயிடாது. ஒரு காப்பியாவது குடுத்துட்டுச் சொல்லியிருக்கலாம்."

"இப்பக் குடுக்கறேன்."

காப்பி குடித்துவிட்டு மூவரும் ஊருக்கு வெளியே இருந்த ஜல்லிப் பள்ளத்துக்குப் போனார்கள். வைனோ தகர டப்பாக்களைக் கல்மேல் வரிசையாக வைத்தான். முதல் குண்டு மூத்தவளுடையது. டப்பா டங்கென்று சரிந்தது. ஹில்மா துப்பாக்கியை இறக்கி, வேறு யாருடையதையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு லெம்பி. மாறி மாறிச் சுட்டார்கள். ஹில்மா கூடுதல் நேரம் குறி பார்த்தாள். லெம்பி தூக்கியதும் சுட்டாள், பெரும்பாலும் பட்டது.

டப்பாக்கள் தீர்ந்ததும் இந்த வருஷம் துப்பாக்கி யாருக்கு என்ற பேச்சு வந்தது. முறைப்படி யாருடைய வருஷம் என்பதிலேயே இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

"நல்லாச் சுட்டவ எடுத்துக்கட்டும்" என்றாள் ஹில்மா. "வைனோ சொல்லட்டும்."

அவன் தகர டப்பாக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். "லெம்பி" என்றான், நிமிராமலே.

ஹில்மா அதற்காக மாதக் கடைசிவரை அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. துப்பாக்கி லெம்பியிடம் போனது. இப்போதைய தோட்டாவுக்குத் தேவையில்லாவிட்டாலும், சுட்டதும் கழுவ அக்கா வீட்டிலிருந்து வெந்நீர்க் கெண்டி வரும். கழுவுவதை ஹில்மா பக்கத்தில் நின்று பார்ப்பாள், ஏதாவது குறை சொல்வாள். முதல் பனி விழுந்த வாரம் லெம்பி இரண்டு முயல் சுட்டாள். ஹில்மா வீட்டு அடுப்பில் குழம்பு வைத்து, வைனோவையும் கூப்பிட்டார்கள்.

"எப்படி இருக்கு?" என்று ஹில்மா கேட்டாள். டப்பா சுட்ட நாளுக்குப் பிறகு அவனோடு அன்றுதான் பேசினாள்.

"கறி இன்னும் வேகணும்" என்றான் வைனோ.

லெம்பி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஹில்மா சட்டியைத் தூக்கி மறுபடி அடுப்பில் வைத்தாள்.