சனிக்கிழமை வரைக்கும் கையெழுத்து

1. ஷீட்

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு டிரெய்லர் யார்டில் எனக்கு முதல் வேலை. மெக்கானிக்கல் முடித்த சூடு. நான் சேர்ந்த வாரம், ஆர்டிஓ ஆபீஸில் எஃப்சி வாங்கப் போன வண்டி ஒன்று பிரேக் டெஸ்டில் ஃபெயிலாகித் திரும்பியிருந்தது. மேனேஜர் குருசாமி சார் என்னைக் கூப்பிட்டார்.

"இனிமே தினம் பிரேக் செக் பண்ண ரெக்கார்ட் இருக்கணும். நீதான் படிச்சவன், பாத்துக்க."

அன்று சாயங்காலமே ஷீட் தயார். வண்டிக்கு வாரம் ஒரு தாள். திங்கள் முதல் சனி வரை பக்கவாட்டில் கட்டங்கள். ஏர் பிரஷர், ஹோஸ், லைனிங், ஆக்ஸில் வாரியாகப் பிரேக், எல்லாவற்றுக்கும் டிக். கீழே ஒவ்வொரு நாளுக்கும் டிரைவர் கையெழுத்து. கலரில் பிரிண்ட் எடுத்தேன்.

"என்ன தம்பி, பரீட்சை வச்சிருக்கீக?" என்று டிரைவர்கள் சிரித்தார்கள். நான் கண்டுகொள்ளவில்லை.

2. திங்கட்கிழமை

கண்டெய்னர் வண்டிகள் திங்கள் காலையில் தூத்துக்குடிக்குக் கிளம்பினால், துறைமுகத்துக்கும் வெளியூர்களுக்குமாக லோடு அடித்துவிட்டு யார்டுக்குத் திரும்பச் சனிக்கிழமை ஆகிவிடும். நடுவில் யாரிடம் கையெழுத்து வாங்குவது? திங்கட்கிழமையே ஆறு நாளுக்கும் வாங்கிவிடலாம் என்று முடிவெடுத்தது நான்தான். ஃபைலில் ஒரு கட்டம் காலியில்லை. குருசாமி சார் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அப்படி ஒரு திங்கட்கிழமை, சௌந்தரம் அண்ணன் என்ற டிரைவர் பேனாவை வாங்காமல் நின்றார்.

"தம்பி, டிரெய்லர் பின் ஆக்ஸில்ல பிரேக் பிடிக்கல. லோடோட அமுக்குனா டிரெய்லர் வந்து முதுகுல முட்டுது."

"சனிக்கிழமை வருவீங்கள்ல, பாத்துருவோம்ணே."

"சரி, இத இதுல எங்கிட்டு எழுதுறது?"

"எழுத இடமில்லண்ணே. டிக் மட்டுந்தான்."

"அப்ப ஓகேன்னு போடச் சொல்றீக?"

"காலியா இருக்கக் கூடாதுண்ணே."

"அம்புட்டுதானே, குடுங்க. உங்க மார்க்கு கொறஞ்சிறப் போகுது." ஆறு கையெழுத்தையும் வரிசையாகப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

3. ஜெராக்ஸ்

புதன்கிழமை மத்தியானம். திருமங்கலத்துக்கு முன்னால் ஒரு பஸ் திடீரென நின்றிருக்கிறது. சௌந்தரம் அண்ணன் பிரேக்கை அமுக்க, இழுக்கும் முன்வண்டியில் பிரேக் பிடித்தது, பின்னால் டிரெய்லரில் பிடிக்கவில்லை. கேபினைத் தள்ளிக்கொண்டு போய் டிவைடரில் ஏற்றியது. பஸ்ஸில் யாருக்கும் அடியில்லை. அண்ணனுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

மறுநாள் இன்சூரன்ஸ்காரர்கள் பிரேக் ரெக்கார்ட் கேட்டார்கள். குருசாமி சார் ஷீட்டைப் பார்த்தார்.

"என்னய்யா இது, வெள்ளி சனிக்கும் கையெழுத்து இருக்கு? ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே செக் பண்ணப்போறானாக்கும்? புதனுக்கு அங்கிட்டு வெள்ளத்தாள வச்சு மறைச்சு ஜெராக்ஸ் எடு."

"சார், பின் ஆக்ஸில் பிடிக்கலன்னு அவரு திங்கக்கிழமையே சொன்னாரு."

"எங்க எழுதியிருக்கு?"

எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அந்தக் கட்டத்தை நான் போடவே இல்லையே.

வெள்ளைத்தாளை நேராக வைத்தேன். ஜெராக்ஸ் சுத்தமாக வந்தது. பிரேக் ஓகே என்று டிரைவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார், தப்பு அவருடையது என்று முடிந்தது. அவருக்கு வேலை போனது.

ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போனேன்.

"தம்பி, நான் உங்ககிட்டச் சொன்னேன்ல?"

"சொன்னீங்கண்ணே."

"அத அந்த இன்சூரன்ஸ்காரங்ககிட்டச் சொல்லுங்களேன். நீங்க சொன்னா எடுபடும், படிச்ச புள்ள."

"சரிண்ணே" என்றேன். சொல்லவில்லை.

4. இப்போது

இப்போது வேறு யார்டில் இருக்கிறேன். தினமும் டிரெய்லருக்கு அடியில் நானே படுக்கிறேன். பிரேக் சேம்பரிலிருந்து நீளும் புஷ்ராடில் சாக்பீஸால் கோடு போட்டு, மேலே ஒருவரை பிரேக்கை அமுக்கச் சொல்லி, கோடு எவ்வளவு நகர்கிறது என்று டேப் வைத்து அளந்து எழுதுகிறேன். அதிகம் நகர்ந்தால் பிரேக் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வெளியூரில் இருக்கும் வண்டிக்குக் கட்டம் காலியாகவே கிடக்கட்டும். இந்த ஷீட்டில் ஓகே என்ற வார்த்தை கிடையாது. டிரைவர் சொல்வதை எழுதத்தான் பெரிய கட்டம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான்: குறையை எழுத இடம் வைக்காத ஷீட்டில் யாரிடமும் கையெழுத்து வாங்காதீர்கள்.

சனிக்கிழமை வரைக்கும் கையெழுத்துள்ள அந்த ஒரிஜினல் தாள் என் பையில்தான் இருக்கிறது. அதைக் காட்டியிருந்தால் போதும், அந்த ரெக்கார்டே பொய் என்று யாருக்கும் விளங்கியிருக்கும். யாரும் கேட்கவில்லை. நானும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.