மேசைக்கு வராத கதை

நாங்கள் நான்கு பேர். லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இப்போது எல்லாருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. பத்து பெரண்டாமைச் சுற்றி ஆளுக்கொரு தாமான் குடியிருப்பில் வீடு. ஒருத்தி பள்ளி வேன் ஓட்டுகிறாள். ஒருத்தி பட்டணத்தில் துணிக்கடை நடத்துகிறாள். தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்த முஸ்லிம் வீட்டுப் பெண் அவள். மூன்றாமவள் இருபத்தாறு வருடமாக ஒரே மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தவள். நான் இடைநிலைப்பள்ளி அலுவலகத்தில் தலைமைக் கிராணி, அதாவது தலைமை எழுத்தர். நால்வரில் நான்தான் அதிகம் படித்தவள். அதை நான் யாரையும் மறக்க விட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தாமான் முனையிலிருக்கும் தோசைக்கடையில் ஒன்றாகப் பசியாறுவது எங்கள் வழக்கம். முன்பெல்லாம் அங்கே நான்தான் புதிர் போடுவேன். இந்த நாட்டுக்குத் தலைநகரம் எது, அந்த மலை எத்தனை அடி என்று கேட்டு, நானே பதிலையும் சொல்லி, நானே ஜெயித்துக்கொள்வேன். ஒரு நாள் வேன்காரிக்குப் பொறுமை போய்விட்டது.

"உன் தலைநகரத்த வச்சி யாருக்குடி என்னா லாபம்? போன வாரம் என் வேன் எங்க படுத்துச்சி? அத சொல்லு பாப்போம்."

எனக்குத் தெரியவில்லை. போன ஞாயிறு அரை மணி நேரம் அந்தக் கதையைத்தான் அவள் சொல்லியிருந்தாள். மற்ற இருவரும் இடத்தைச் சொன்னார்கள், வேனைத் தள்ளிவிட்ட ஆளின் சட்டை நிறம் வரைக்கும் சொன்னார்கள். நான் மட்டும் முழித்தேன். அன்றைக்கே என் தலைநகரங்களுக்குக் கருமாதி செய்துவிட்டு, புது ஆட்டத்தைத் தொடங்கினார்கள்.

ஆட்டம் இதுதான். முதலில் ஒவ்வொருத்தியும் அந்த வாரத்துக் கதையைச் சொல்ல வேண்டும். பிறகு அந்தக் கதைகளிலிருந்தும் பழைய கதைகளிலிருந்தும் கேள்வி வரும். விதிகளெல்லாம் பைத்தியக்கார விதிகள். கேள்வி யாருடைய கதையைப் பற்றியதோ, அவள் ஒரு மடக்கு தேநீரை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சிரித்துத் துப்பினால் ஒரு புள்ளி போச்சு. "தெரியாது" என்று சொல்லக்கூடாது, கூசாமல் ஒரு பொய்யாவது சொல்ல வேண்டும். பதில் சொல்கிறவர்கள் ஒரே ஒரு துப்புக் கேட்கலாம். கேள்வி கேட்டவள் துப்பில் மட்டும் பொய் கலக்கக்கூடாது. யாருக்குமே பதில் தெரியாவிட்டால் கேள்வி கேட்டவளுக்கு இரண்டு புள்ளி. மாதக் கடைசியில் தோற்றவள் அடுத்த மாதம் முழுக்க மேசையில் மற்ற மூவரையும் சம்பந்தி வீட்டாரைப்போல "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிட வேண்டும்.

மூன்று மாதமாக நான்தான் தோற்றுக்கொண்டிருந்தேன். "சட்னி வேணுங்களா?" என்று நான் கேட்க, பக்கத்து மேசைக்காரர்களெல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. அவர்கள் கதை சொல்லும்போது நான் கேட்பதில்லை. என் முறை எப்போது வரும், என் கதையை எப்படித் தொடங்கலாம் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பேன். இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

தீபாவளி நெருங்கிய சமயம், ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு மீன் வாங்கக் கோலா சுங்கை பாருவுக்குப் போனேன். கணவர் வீட்டு ஆட்கள் வருவதாக இருந்தது. மீனை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, கடற்கரை மரத்தடியில் எனக்குத் தெரிந்த காடி ஒன்று நின்றது. காருக்குள்ளே தொழிற்சாலைக்காரி. நீலச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. மடியில் காகிதத்தை விரித்து, பீசாங் கோரேங் என்கிற வாழைப்பழ பஜ்ஜியை மிளகாய் போட்ட சோயா கிச்சாப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கில் எனக்கே பயமாகிவிட்டது.

"என்னாடி, லீவா?" என்றேன்.

"லீவு இல்லலா. எங்க லைன மூடிட்டாங்க. வேல போயி ரெண்டு மாசமாச்சி."

கதவைத் திறந்து என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். தினமும் காலையில் சீருடை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புவாளாம். வேலை கேட்டு இரண்டு மூன்று இடம் ஏறி இறங்குவாளாம். மீதிப் பொழுதைக் கழிக்க, தெரிந்தவர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து அவ்வளவு தூரம் வந்துவிடுவாளாம். அவள் கணவருக்குச் சர்க்கரை வியாதி. அந்த வருடம்தான் இடது காலில் ஒரு விரலை எடுத்திருந்தார்கள். அதுவரை ஒரு கிடங்கில் ஜாகாவாக, காவல் வேலை பார்த்தவர்.

"அவருக்குத் தெரிஞ்சா அன்னிக்கே ஜாகா வேலைக்குத் திரும்பிப் போயிடுவாரு. பன்னெண்டு மணி நேரம் நிக்கணும். புண்ணு இன்னும் ஆறல. நிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எனக்கு ஒரு வேல கெடச்சிட்டா நானே சொல்லிடுவேன். அது வரைக்கும் இது மேசைக்கு வரக்கூடாதுடி."

"சீ, நான் என்னா அப்பிடிப்பட்டவளா?" என்றேன். கோபித்துக்கொள்ளக்கூடச் செய்தேன்.

அடுத்த ஞாயிறு என் வீட்டில் தீபாவளி விருந்து. மூன்று பேரும் குடும்பத்தோடு வந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் ஆண்கள் முன்கூடத்தில் முறுக்கைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தொழிற்சாலைக்காரியின் கணவர் காலைச் சின்ன முக்காலியில் தூக்கி வைத்திருந்தார். எங்கள் ஆட்டத்தைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டதோடு சரி, பார்த்ததில்லை. "இங்கேயே ஆடுங்களேன், பார்ப்போம்" என்றார் என் கணவர். புள்ளி குறிக்கிற வேலையையும் அவரே ஏற்றுக்கொண்டார்.

எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். துணிக்கடைக்காரி தேநீரைத் துப்பி என் புது மேசைவிரிப்பை நாசமாக்கினாள். நான் மட்டும் பின்தங்கியே இருந்தேன். அது மாதத்தின் கடைசி ஞாயிறு. கடைசிக் கேள்வி என்னுடையது. மற்ற மூவரும் சமமாக நிற்க, நான் ஒரே ஒரு புள்ளி பின்னால். யாருக்கும் விடை தெரியாத கேள்வியாகக் கேட்டுவிட்டால் போதும், ஜெயித்துவிடலாம். "உங்க தலைமைக் கிராணி இன்னும் ஒரு மாசத்துக்கு எங்கள வாங்க போங்கன்னுதான் கூப்புடணும்" என்று வேன்காரி என் கணவரிடம் சொன்னாள். அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

"கோலா சுங்கை பாருல இவங்க பீசாங் கோரேங்க எதுல தொட்டுத் தின்னாங்க?" என்று கேட்டேன். விரலைத் தொழிற்சாலைக்காரியின் பக்கம் நீட்டினேன்.

தின்பண்டத்தைப் பற்றித்தானே கேட்டேன், வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே என்று பிறகு பல நாள் எனக்கு நானே வக்காலத்து வாங்கியிருக்கிறேன். அது பொய். கேட்கும்போதே எனக்குத் தெரியும். கத்தி முனையில் விரலை வைத்துப் பார்க்கிற மாதிரிதான் கேட்டேன். விரல் மட்டும் என்னுடையது இல்லை.

அவள் விதிப்படி தேநீரை வாயில் வைத்திருந்தாள். என்னையே பார்த்தாள்.

"இவ எப்ப அங்க போனா? மேசையில சொல்லவே இல்லையே" என்றாள் வேன்காரி. "சரி, துப்புக் கேக்கறேன். என்னிக்கி, எத்தன மணிக்கி?"

ஞாயிறு என்று சொல்லியிருக்கலாம். பள்ளி விடுமுறையில் என்று சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு ஆட்டத்தையே விட்டுக்கொடுத்திருக்கலாம். துப்பில் பொய் கலக்கக்கூடாது என்ற விதி அந்த நேரம் பார்த்து எனக்கு வேதமாகிவிட்டது.

"போன செவ்வாக்கிழம. காலையில பதினோரு மணி இருக்கும்."

"செவ்வாக்கிழமயா?" என்றார் அவள் கணவர் முன்கூடத்திலிருந்து, சிரித்துக்கொண்டே. "செவ்வாக்கிழம அவளுக்கு வேலையாச்சே. யூனிபாம் போட்டுக்கிட்டுப் போனாளே."

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் வாயில் தேநீரோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு மெல்ல விழுங்கினாள். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. காலை முக்காலியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார்.

ஒன்றும் புரியாத என் கணவர், "யாருக்கும் தெரியல! ரெண்டு புள்ளி! இந்த மாசம் எங்க வீட்டம்மாதான் வின்னர்!" என்று கத்தினார்.

ஐந்து நிமிடத்தில் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். கொடுத்த பலகாரத்தை மறக்காமல் வாங்கிக்கொண்டாள். "வரோம்" என்றாள். அவ்வளவுதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது இன்னொருத்தியின் வீடு.

அடுத்த நாளே போய் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். நான் ஒன்பது நாள் போகவில்லை. அலுவலகத்தில் வேலை அதிகம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். போனபோது வாசல் கொடியில் ஜாகா சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அவர் வீட்டில் இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது? அவள் தேநீர் கலக்கிக் கொடுத்தாள்.

"நான் வேணும்னு கேக்கலடி. ஆட்டத்துல வாய் தவறி வந்திருச்சி" என்றேன். மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் பொய்தான் சொன்னேன்.

"சரி, விடு" என்றாள்.

திட்டியிருந்தால் அழுதிருப்பேன், அழுது கொஞ்சம் தேறியிருப்பேன். அந்த வசதியை அவள் எனக்குக் கொடுக்கவில்லை.

பொங்கல் கழிந்த பிறகு அவள் மறுபடியும் தோசைக்கடைக்கு வரத் தொடங்கினாள். ஒரு தங்கும் விடுதியின் சலவைப் பிரிவில் வேலை கிடைத்திருந்தது. எங்கள் கதைகளுக்குச் சிரித்தாள், கேள்விகளுக்கு டக்டக்கென்று பதில் சொன்னாள். அவள் முறை வந்தபோது மட்டும், "ஒண்ணும் இல்லலா. வேலைக்குப் போனேன், வந்தேன், சமைச்சேன்" என்றாள். வேன்காரி, "இதுல என்னாடி கேள்வி கேக்கறது?" என்று கேட்டதற்கு, "கேக்க ஒண்ணும் இல்ல" என்று சிரித்துவிட்டுத் தோசையைப் பிய்த்தாள். அடுத்த வாரமும் அதே பதில். அதற்கடுத்த வாரமும் அதேதான்.

நான் இப்போது எல்லாருடைய கதையையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன். ஒரு வார்த்தையைக்கூட விடுவதில்லை. அதனால் யாருக்கு என்ன பயன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிறு, மற்ற இருவரும் கைகழுவப் போன நேரத்தில் அவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணனுக்குக் கால் எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றாள். என் கண்ணைப் பார்த்தேதான் சொன்னாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அன்று நான்தான் வற்புறுத்தி இன்னொரு நெய்த்தோசை வரவழைத்தேன்.

மூன்று வாரம் கழித்து, வேன்காரியோடு அவள் வேனில் பட்டணத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில், "ரெண்டாவது விரல எடுத்தப்பகூட அந்த மனுசன் சிரிச்சிக்கிட்டுத்தாண்டி இருந்தாரு" என்றாள். சொன்ன பிறகுதான் பக்கத்தில் இருப்பது யாரென்று அவளுக்கு உறைத்தது.

நான் விடாமல் கேட்டேன். ஜாகா வேலையில் நின்று நின்று புண் கிளறிக்கொண்டதாம். கால் எப்படி இருக்கிறது என்று நான் கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மருத்துவமனையில்தான் படுத்திருந்தாராம். சேர்த்து இரண்டு நாள் ஆகியிருந்ததாம். நெய்த்தோசையைத் தின்றுவிட்டு அவள் அங்கேதான் போயிருக்கிறாள். வேன்காரியும் துணிக்கடைக்காரியும் மாற்றி மாற்றி அவருக்குச் சோறு கொண்டுபோயிருக்கிறார்கள்.

"ஏன்டி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

வேன்காரி ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு அவ கேட்டுக்கிட்டாடி. நாங்க சரின்னு சொல்லிட்டோம்" என்றாள்.