மார்கரீட்டா கலக்கிய காலைப் பொழுது

மதுவிலக்கு இருப்பதால் சென்னையில் குடிப்பதற்குப் பெர்மிட் வேண்டும். பெரிய ஹோட்டல் ஒன்றில், பெர்மிட் உள்ளவர்களுக்கென்று ஒதுக்கிய அறையில் ஊற்றிக் கொடுப்பது என் வேலை. இலங்கையில் நான் பிறந்த நமுனுகுல மலைத் தேயிலைத் தோட்டத்தில், கூலிகள் குடியிருக்கும் எந்த லயத்திலும் சாராயத்துக்கு யாரும் காகிதம் காட்டியதில்லை என்றால் இங்கே சிரிக்கிறார்கள்.

போன வாரம் ஓர் அமெரிக்கர் மார்கரீட்டா கேட்டார். டெக்கீலா என்ற மெக்சிகோ சாராயம் இல்லாமல் அந்தப் பானத்தை எப்படிக் கலப்பது என்றேன். எனக்கு அது தெரிந்திருந்ததில் அவருக்கு ஒரே குஷி. அதன் பிறப்புக் கதையை ஆரம்பித்துவிட்டார். மெக்சிகோவில் மதுக்கடைக்காரர் ஒருவர் ஒரு நடிகைக்காகக் கலக்கினாராம். இல்லை, பணக்காரச் சீமாட்டி ஒருத்தி தன் வீட்டு விருந்தில் கண்டுபிடித்தாளாம். ஆளாளுக்கு என்னுடையது என்கிறார்களாம். துடைத்த கிளாஸையே நான் மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். நான் கதையில் மயங்கி நிற்பதாக நினைத்து அவர் இன்னும் உற்சாகமானார்.

நமுனுகுலவில் எங்கள் தோட்டத்தை நிர்வகித்த துரைக்கு ஒரு நண்பர் டெக்கீலாவைக் கொண்டுவந்து கலக்கும் முறையையும் காட்டிக்கொடுத்தார். பங்களா வேலைக்காரனான என் கைக்கு அது சீக்கிரமே படிந்துவிட்டது. எலுமிச்சையின் புளிப்பு, ஆரஞ்சு லிக்கரின் இனிப்பு, கிளாஸ் விளிம்பில் உப்பு. கொய்யாக்காயை உப்பில் தொட்டுத் தின்று வளர்ந்தவனுக்கு அந்த ருசியை யாரும் விளக்க வேண்டியதில்லை. பசறைப் பக்கத்துத் துரைமாரெல்லாம் அதற்காகவே வந்தார்கள்.

அங்கேயே பிறந்திருந்தும் தோட்டத் தமிழர்கள் மனுப் போட்டுத்தான் இலங்கைப் பிரஜாவுரிமை கேட்க வேண்டியிருந்தது. அந்த விசாரணைக்கு என்னைப் பதுளைக் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்குக் கூப்பிட்ட அன்றைக்குப் பார்த்து பங்களாவில் விருந்து. நீ இருந்து மார்கரீட்டாவைக் கவனி, உனக்காக நானே போய்ச் சொல்கிறேன் என்றார் துரை. நேரில் போகாதவன் மனு நிற்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் துரை வாய் திறந்தால் கச்சேரியே எழுந்து நிற்கும் என்பது தோட்டத்தில் எங்கள் எல்லோருக்கும் இருந்த நம்பிக்கை. "தொரையே போறாருங்க, இனி என்ன பயம்?" என்றாள் என் மனைவி. காலை முழுக்க எலுமிச்சை பிழிந்தேன்.

மனுவைத் தள்ளிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்து நாங்கள் புறப்பட்ட அன்றுதான், துரையின் டிரைவர் உண்மையைச் சொன்னான்.

"அன்னிக்குக் கச்சேரிப் பக்கமே கார் போகலண்ணே. தொரைமார் கிளப்புலதான் நின்னுச்சு."

துரோகம். அதற்கு வேறு சொல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அமெரிக்கர் போகும்போது என் ஊரைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற வெயிட்டர், "அவன் சிலோன்காரன் சார்" என்றான். இந்தியாக்காரன் என்று பதுளையில் தள்ளிவிட்ட அதே என்னை. ஒரு கிளாஸ் பானத்துக்கு உரிமை கொண்டாட அத்தனை பேர். எனக்கு, இவன் இந்த மலையில் பிறந்தவன் என்று ஒரே ஒருவர் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்லத்தான் துரை காரில் ஏறினார்.