கம்ப்யூட்டருக்குள் ஒரு பம்ப்

போன வாரம் திங்கட்கிழமை காலை, எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மூன்றாவது முறையாக அணைந்துபோனது. கரண்ட் போகவில்லை. தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இது மட்டும் சூடு தாங்காமல் தானாகவே கண்ணை மூடிக்கொண்டது.

ஸ்டெல்லா — என் மனைவி, இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன் — அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். திட்டவில்லை. புலம்பவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

விஷயம் இதுதான். பதினோரு வருடம் ஒரு ஆபீஸில் கான்ட்ராக்டில் டிராயிங் போட்டவள் அவள். நெய்வேலி டவுன்ஷிப்பில் மனிதர்கள் இரண்டே வகை, பர்மனன்ட், கான்ட்ராக்ட். நான் பர்மனன்ட். போன வருடம் அந்தக் கான்ட்ராக்டும் முடிந்தது. சரி, வீட்டில் ஓய்வாக இருக்கட்டும் என்று நான் நினைத்தேன். அவள் நினைக்கவில்லை. வீடு கட்டுகிறவர்களுக்குக் கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் காட்டுகிற 3டி வேலையை ஹாலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

இத்தனை நாள் சின்னச் சின்ன வீடுகள். இப்போதுதான் முதல் பெரிய வேலை — சேத்தியாத்தோப்பில் வரப்போகும் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் நுழைந்து மணமேடை வரை நடந்து போவது மாதிரி வீடியோ. சனிக்கிழமை காலை ஓனர் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கப்போகிறார். வேலை கொடுத்த பண்ருட்டி இன்ஜினியர், கம்ப்யூட்டர் படுத்துகிற கதையைக் கேட்டதும் மெதுவாக ஒரு நூல் விட்டுப் பார்த்தார்.

"முடியலன்னா சொல்லிடுங்க மேடம். கடலூர்ல ஒரு ஆபீஸ் இருக்குது. பெரிய சிஸ்டமா வெச்சிருக்காங்க. அங்க குடுத்துடறேன்."

"முடியும் சார். சனிக்கிழம காலைல உங்க கைல இருக்கும்."

அங்கே கொடுத்தால் இந்த மண்டபம் மட்டுமா போகும்? அடுத்து வருகிறதும் அங்கேயேதான் போகும். அவளுக்கு அது தெரியும்.

அந்த வீடியோவைக் கம்ப்யூட்டர் படம் படமாக வரைந்து தள்ள வேண்டும். முழு மூச்சாக ஒரு நாள் ஓட வேண்டும். எங்கள் கம்ப்யூட்டரோ முக்கால் மணி நேரம் ஓடினால் தொண்ணூற்றெட்டு டிகிரிக்குப் போய் படுத்துவிடுகிறது. வெயில் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் எங்கள் ஊர்த் தூசி. காலையில் துடைத்த ஜன்னல் கம்பியில் மத்தியானம் விரலை வைத்தால் பழுப்பாக ஒட்டுமே, அதேதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் பெட்டியைத் திறந்து ஊதிச் சுத்தம் செய்தும் ஃபேன் அதையே உள்ளே இழுத்து அப்பிக்கொள்கிறது.

"வாட்டர் கூலிங் போட்டுடலாம்ங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கரண்ட் ஓடுகிற பெட்டிக்குள் தண்ணீரா?

"ஏன்? தெர்மல் பவர் ஸ்டேஷன்ல அவ்வளோ பெரிய மெஷினையே தண்ணிய வெச்சித்தான ஆத்தறாங்க? நம்ம பெட்டி என்ன அதவிட பெருசா?"

செவ்வாய்க்கிழமை காலை பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினாள். சாயங்காலம் மடியில் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினாள்.

உள்ளே இருந்தது பெரிய சமாசாரம் இல்லை. உள்ளங்கை அகல பம்ப் ஒன்று, இரண்டு ரப்பர் குழாய், கார் ரேடியேட்டர் மாதிரி நீளமாக ஒரு தகடு. தண்ணீரைக் கம்பெனியிலேயே நிரப்பி மூடியிருக்கிறார்கள். பம்ப், பிராசஸரின் தலையில் உட்காரும். சூட்டைத் தண்ணீர் வாரிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும். அங்கே ஃபேன் ஆற்றி அனுப்பும். அவ்வளவுதான்.

புதன்கிழமை தரையில் பேப்பரை விரித்து உட்கார்ந்தாள். பழைய ஃபேனைக் கழற்றினாள், துடைத்தாள், சூட்டைக் கடத்துகிற பசை தடவினாள், பம்ப்பைப் பொருத்தினாள். ரேடியேட்டரைப் பெட்டியின் மேல்பக்கம் மாட்டப்போன நேரத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

"கீழ மாட்டு. மேல வெச்சி லீக் ஆச்சின்னா எல்லாம் தலைல ஊத்தும்."

"யூடியூப் வீடியோல மேலதான் மாட்டறாங்க."

"அவங்களுக்கு என்ன தெரியும்? மைன்ஸ்ல என்ன பண்றாங்க? தண்ணிய கீழயே அடக்கி வெக்கறதுக்குத்தான ராவும் பகலும் பம்ப்பு ஓடுது?"

எப்படி என் வாதம்? நெய்வேலிக்காரன் தவிர வேறு யாருக்கும் இது தோன்றாது. சுரங்கத்தின் அடியில் அழுத்தத்தோடு நிற்கிற தண்ணீர் மேலே பொங்கிவிடக் கூடாது. அதற்காக பம்ப் போட்டு இறைத்துக்கொண்டே இருக்கிற ஊர் இது. தண்ணீர் என்றால் கீழே இருக்க வேண்டும் என்பது எங்கள் ரத்தத்தில் ஊறிய விஷயம். தவிர, நான் மைன்ஸ் ஸ்டோர்ஸில் இருபது வருடமாக பம்ப் உதிரிபாகங்களுக்குச் சீட்டு எழுதித் தருகிறவன். பம்ப்பைப் பற்றி எனக்குத் தெரியாதா?

அரை மணி நேரம் விடாமல் பேசினேன். அவளுக்கு நேரம் முக்கியம், என்னோடு மல்லுக்கட்ட முடியாது. கீழேயே மாட்டினாள்.

வியாழக்கிழமை காலை ஓட விட்டோம். முதல் ஒரு மணி நேரம் அறுபத்தெட்டு டிகிரி. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். பிறகு எண்பது. பெட்டிக்குள்ளிருந்து, பசித்த வயிறு மாதிரி கடமுடா என்று ஒரு சத்தம். மத்தியானத்துக்குள் தொண்ணூற்றேழு. மறுபடியும் படுத்துவிட்டது.

சனிக்கிழமைக்கு இன்னும் முழுசாக இருப்பது ஒரே ஒரு நாள். மண்டபத்தில் பாதி கூட ஆகவில்லை. ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "கடலூருக்கே குடுத்துடலாமே..." என்று இழுத்தேன்.

"சனிக்கிழம ஆகட்டும். அப்ப பேசலாம்" என்றாள். மறுபடி ஸ்விட்சைப் போட்டாள்.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்தார் பக்கத்து குவார்ட்டர்ஸ் ஏழுமலை. கம்மாபுரம் பக்கத்து ஆள், என் வயதுதான். மைன்ஸில் தண்ணீர் இறைக்கிற பிரிவில் வேலை. ஷிஃப்ட் முடிந்து உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். ஏணியைச் சுவரில் சாய்த்தவர் அப்படியே நின்று காதைக் கொடுத்தார்.

"இன்னா சார், வூட்டுக்குள்ள பம்ப்பு காத்து இழுக்குது?"

காட்டினோம். குனிந்து பார்த்தார். குழாயை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பம்ப்பு மேல, தண்ணி கீழயா? உள்ள இருக்கற கொஞ்சூண்டு காத்து எங்க போவும்? மேலதான ஏறி வந்து பம்ப்புல பூந்துக்கும்? அது தண்ணிய தள்ளலீங்க, காத்த சுத்திக்கினு இருக்குது. இந்தத் தகட்ட தூக்கி மேல மாட்டுங்க. காத்து அங்க போயி ஒதுங்கிக்கும்."

"லீக் ஆச்சின்னா?" என்றேன். விடுவேனா?

"ஆனா ஆவுது. டைட் பண்ணிக்கினு மறுபடி ஓட்ட வேண்டியதுதான். லீக் ஆவுமோன்னு பயந்துக்கினு பம்ப்ப நிறுத்தி வெச்சா மைன்ஸ் நடக்குமா சார்?"

'நான் அப்பவே சொன்னேன்ல' என்று ஸ்டெல்லா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சொல்லவில்லை. ஸ்விட்சை அணைத்தாள், பேப்பரை விரித்தாள், எட்டு ஸ்க்ரூவைக் கழற்றினாள். ரேடியேட்டரை மேலே மாட்டி, ஏழுமலை சொன்னபடி பெட்டியை இப்படியும் அப்படியும் நாலு தரம் சாய்த்து நிமிர்த்தினாள். அப்புறம் ஓட விட்டாள்.

கடமுடா கொஞ்ச நேரத்தில் அடங்கியது. அறுபத்திரண்டு டிகிரி. ஒரு மணி நேரம் கழித்து அறுபத்து நாலு. அங்கேயே நின்றது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மணமேடையின் கடைசிப் படமும் வந்துவிட்டது. அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. சோப்பு என்றாள். நான் நம்பவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் வேலையைக் கவிழ்க்கப் பார்த்தது வெயிலும் இல்லை, தூசியும் இல்லை. நான்தான். 'உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்' என்று நாம் அள்ளி வீசுகிற யோசனைகள் எத்தனை... அவற்றில் எத்தனை நம் பயத்தை நாமே ஆற்றிக்கொள்வதற்காகச் சொல்பவை? பயந்தவன் நான். கையை உள்ளே விட்டவள் அவள். ஆனால் ரேடியேட்டர் எங்கே இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது யார்?

சனிக்கிழமை மத்தியானம் இன்ஜினியர் போன் செய்தார், என் போனுக்கு. அவளுடைய நம்பர் அவரிடம் இருக்கிறது. வீட்டில் பர்மனன்ட் ஆளாக நான் இருக்கும்போது என்னிடம் பேசுவதுதான் மரியாதை என்று நினைத்தாரோ என்னவோ.

"சார், ஓனருக்கு ரொம்பப் புடிச்சிருக்குது. ஆனா டைனிங் ஹால மாடில மாத்திக் கேக்கறாரு. அதோட விருத்தாசலத்துல இன்னொரு மண்டபமும் இருக்குது. மேடத்தால முடியுமா? கஷ்டம்னா நீங்களே சொல்லிடுங்க."

பாவம் சார், ஒரு வாரமா சரியா சாப்பிடக்கூட இல்ல, கொஞ்சம் டைம் குடுங்க... எல்லாம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் நல்லதுக்குத்தான்.

வாயை மூடிக்கொண்டு போனை அவளிடம் நீட்டினேன். அந்த வாரத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.