மஞ்சள் தடவிய பிளான்

கேகாலை அலுவலகத்துக்கு வந்ததும் லோஜினி முத்திரையின் நீல மையை உள்ளங்கையில் ஒற்றிப் பார்ப்பாள். பிறகுதான் தேநீர். கட்டட பிளான்களுக்கு இலக்கமிடுவதும், திருத்திய பிளான் வந்ததும் பழையதை வாங்கி ‘ரத்து’ என்று குத்துவதும் அவள் வேலை. ‘ஏ’ போய் ‘பி’ வரும். மூலையில் உள்ள அந்த எழுத்தைப் பார்க்காமல் யாராவது பிளானை விரித்தால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

“மொதல்ல மூலைய பாருங்க. பேர் தெரியாத ஆளோட என்ன பேச்சு?”

அலுவலகத்தில் அவளுக்கு மூலைக்காரி என்றே பெயர். முன்பெல்லாம் அவள் சிரித்தால் அடுத்த அறைக்குக் கேட்கும்.

எஹலியகொடைப் பக்கம் அவள் பிறந்த தோட்டத்தில், மண் சரியாமலிருக்க, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் தடுப்புச் சுவர் கட்டினார்கள். அத்திவாரப் பூசையில் பிளானுக்கும் மஞ்சள் தடவிப் பொட்டு வைப்பது அங்கே வழக்கம். பிறகு, மழைநீர் வடியக் கூடுதல் குழாய்களோடு ‘பி’ வந்தது. பழையதை வாங்கப் போனவளிடம் மேசன் பாலசுப்பிரமணியம், பூசை செய்த தாளில் முத்திரை குத்தாதே என்றார். சாமிகுத்தமாகிவிடுமோ என்று அவளுக்கும் கை வரவில்லை. புதியதைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். மேசனோ கும்பிட்ட தாளைப் பார்த்தே கட்டி முடித்தார். பெருமழையில் நீர் வடிய வழியில்லாமல் சுவர் லயத்தின் மேல் சாய்ந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அவள் தங்கை கேஷானி போய்விட்டாள்.

விசாரணையில் யாரும் லோஜினியைக் கைகாட்டவில்லை. காட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள், பாவம்.

பாலசுப்பிரமணியம் அதற்குப் பிறகு சாந்துக் கரண்டியைத் தொடவில்லை. இப்போது அதே இடத்தில் அவர் தம்பி கிருஷ்ணகுமார் சுவர் எழுப்புகிறார். கேஷானியின் பிள்ளைகள் இன்னும் அந்த லயத்தில்தான். இந்தச் சுவருக்கும் பூசை முடிந்தபின் இஞ்சினியர் ஐயா அத்திவாரத்தை ஆழமாக்கச் சொல்லிவிட்டார். புதிய ‘பி’யோடு லோஜினி போனபோது, சிமெந்துக் கொட்டிலில் ‘ஏ’ தொங்கியது. நடுவில் குங்குமம்; ஆணியில் வாடிய செவ்வந்தி.

கிருஷ்ணகுமார் குறுக்கே வந்து நின்றார். “புதுசப் பாத்துத்தான் கட்டுவேன் புள்ள. இது கேஷானி பேருக்கும் சேத்து வச்ச பூச. தொங்கட்டும்.”

லோஜினி செருப்பைக் கழற்றினாள். தாளை இறக்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். பிறகு சிமெந்து மூட்டை மேல் விரித்து, குங்குமத்தின் மேலேயே முத்திரையை அழுத்தினாள்.