கோச்சை உட்கார வைத்த சீசன்

1. முதல் நாள்

டெக்ஸாஸில் சுகர் லேண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹைஸ்கூலில் பதிமூன்று வருடம் அத்லெடிக் ட்ரெய்னராக இருந்து, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். இந்த வேலையின் பெயரைச் சொன்னதும் தமிழ்ச் சங்கத்தில் யாராவது ஒருவர் தொப்பையைத் தடவிக்கொண்டு, "எங்களுக்கும் ரெண்டு எக்சர்சைஸ் சொல்லிக் குடுங்களேன்" என்பார். அது வேறு ட்ரெய்னர். அடிபட்ட பிள்ளைகளைப் பார்ப்பதும், யார் ஆடலாம், யார் உட்கார வேண்டும் என்று சொல்வதும் என் வேலை. ஈரோட்டில் பிசியோதெரபி படித்தவள் நான். கணவர் செந்திலுக்கு இங்கே எண்ணெய்க் கம்பெனியில் வேலை கிடைத்ததால் வந்து, மறுபடி படித்து லைசென்ஸ் வாங்கினேன்.

அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி அப்போது எனக்குப் பாடப்புத்தகத்தில் இருந்தது மட்டும்தான் தெரியும். முதல் நாள் மைதானத்தில் ஹெட் கோச் டில்மனைப் பார்த்தேன். ஆறடி நாலு அங்குலம். குரல் அதைவிட உயரம். கலைச்செல்வி என்ற என் பெயரை இரண்டு முறை முயன்றுவிட்டு, 'மிஸ் கே' என்று முடித்துக்கொண்டார். அவர் பேசுவது கிழக்கு டெக்ஸாஸ் இங்கிலீஷ். அதை இங்கே தமிழில் எழுதினால் எங்கள் ஊர் மாட்டுச்சந்தைத் தரகர் பேசுவதுபோல வருகிறது. பெரிய தவறில்லை.

"மிஸ் கே, கணுக்காலு, முழங்காலெல்லாம் நீங்க பாத்துக்குங்க. தலைய நான் பாத்துக்கறேன். அடிபட்டுக் கண்ணு இருட்டுச்சுன்னா ரெண்டு நிமிசம் உக்கார வெச்சாப் போதும், செரியாப் போயிரும்."

"அப்படி உக்கார வெச்சு மறுபடி எறக்கறதுக்கு இப்ப சட்டம் விடாதுங்க கோச். தலையில அடின்னு சந்தேகம் வந்தாலே அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சுது. டாக்டர் கையெழுத்துப் போட்டாத்தான் திரும்பி வரலாம்."

"சட்டம் போட்டவன் ஒருத்தனாச்சும் பந்து தூக்கிட்டு ஓடியிருப்பானா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மோசமான மனிதர் என்று நினைக்க வேண்டாம். நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தும், எவனுக்கு எந்தப் பாடம் கஷ்டம், எவன் காலையில் சாப்பிடாமல் வருகிறான் என்று அவருக்குத் தெரியும். தலை விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் பல வருடம் இழுபறி. நான் ஒருவனை உட்கார வைப்பேன். அவர் அந்தப் பக்கம் நடந்து போகும்போதெல்லாம், "நல்லாத்தான இருக்கான்?" என்பார். நான் காது கேட்காதவள் மாதிரி ஐஸ் பையைக் கட்டிக்கொண்டிருப்பேன். சொல்லப்போவது அப்படி ஒரு சீசனைப் பற்றி.

2. டீமே ஃபெயில்

ஆகஸ்டில், ஆட்டங்கள் தொடங்கும் முன், எல்லாருக்கும் கம்ப்யூட்டரில் பேஸ்லைன் டெஸ்ட் வைப்போம். சில சொற்கள், சில படங்கள் காட்டும். கொஞ்ச நேரம் கழித்து அவற்றையே கேட்கும். எவ்வளவு வேகமாகப் பதில் சொல்கிறான் என்று அளக்கும். பின்னால் தலையில் அடிபட்டால் அதே டெஸ்டை மறுபடி வைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம்.

அந்த வருட ரிசல்டைப் பார்த்தபோது, எங்கள் டீம் தினமும் வீட்டுக்கு வழி தெரிந்து போய்ச் சேர்வதே ஆச்சரியம் என்று தோன்றியது. வேண்டுமென்றே தப்பாக எழுதினால் அந்த சாஃப்ட்வேர் பெரும்பாலும் பிடித்துவிடும். இவர்கள் அதற்கும் மாட்டாத அளவுக்குக் கவனமாகத் தப்பு செய்திருந்தார்கள். சந்தேகம் இருந்தது, ஆதாரம் இல்லை. ஆதாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தது சுபா.

சுபா சென்னைக்காரி, ஐடியில் மேனேஜர். அவள் மகன் அரவிந்த் எங்கள் டீமில் பந்தை உதைக்கும் கிக்கர். பின்வரிசையில் நின்று எதிராளியை மடக்கும் சேஃப்டியும் அவன்தான். ஈமெயிலில் போன ரிசல்டைப் பிரிண்ட் எடுத்து, மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டு, என் அறைக்கே வந்துவிட்டாள்.

"கலா, இந்த மெமரி ஸ்கோரப் பாரு. அஞ்சாங் கிளாஸ்ல ஸ்பெல்லிங் பீல கப் வாங்கின பையன். டிசம்பர்ல காலேஜுக்கான எஸ்ஏடி பரீட்சை வேற இருக்கு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இந்த ஃபுட்பால்ல சேத்ததே தப்பு."

"சுபா, இன்னும் ஒருத்தன் மேல ஒருத்தன் மோதவே ஆரம்பிக்கல. இது அடிபடறதுக்கு முன்னாடி எடுக்கற டெஸ்ட்டு."

"அப்போ பிறவியிலேயே இப்படியா?"

அரவிந்தைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவனுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். சுபா அவனிடம் திட்டத்தை அடுக்கினாள். "நாளைக்கே நியூராலஜிஸ்ட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கறேன். எம்ஆர்ஐ எடுக்கறோம். தினமும் ஒரு மணி நேரம் மெமரி டியூஷன். சனி, ஞாயிறு ரெண்டு மணி நேரம்."

எம்ஆர்ஐ வரைக்கும் கல் மாதிரி நின்றான். சனி, ஞாயிறு என்றதும் உடைந்தான். "அம்மா, ஸ்டாப். ஐ டிட் இட் ஆன் பர்பஸ்."

டீமின் வாட்ஸ்அப் குரூப்பில் சீனியர்கள் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார்கள்: இப்போது மார்க் குறைவாக எடுத்து வை, அப்புறம் அடிபட்டாலும் வித்தியாசம் தெரியாது, ஆடவிடுவார்கள். மகனுக்கு மூளை இருக்கிறது என்ற நிம்மதியில், அதை அவன் எதற்குப் பயன்படுத்தினான் என்று கோபப்பட சுபாவுக்கு அரை நிமிடம் ஆயிற்று.

"ஹெல்மெட் இருக்கே கலா, அப்புறம் என்ன?" என்று கேட்டாள்.

"கடையில தேங்காய ஆட்டிப் பாத்துத்தான வாங்கறீங்க? ஹெல்மெட்டு மண்டையோட்டைத்தான் காப்பாத்தும். உள்ள தண்ணி ஆடறத அதால நிறுத்த முடியாது. மொத அடி ஆறதுக்குள்ள ரெண்டாவது அடி விழுந்துதுன்னா, சில பசங்க எந்திரிக்கறதே இல்ல."

கடைசி வரியை அரவிந்தைப் பார்த்துச் சொன்னேன். அவன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாரையும் நாலு நாலு பேராக உட்கார வைத்து மறுபடி டெஸ்ட் வைத்தேன். ஒரே வாரத்தில் டீம் முழுவதும் மேதைகள் ஆனார்கள். விஷயத்தைக் கேட்ட கோச் தொடையில் தட்டிச் சிரித்தார். "வெவரமான பசங்க. எங்க காலத்துல இருந்திருந்தா நானும் இதையேதான் பண்ணியிருப்பேன்." பக்கத்தில் நின்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். அன்று எனக்கு ஒன்று புரிந்தது. அந்தத் திட்டம் வாட்ஸ்அப்பில் பிறக்கவில்லை. இந்தச் சிரிப்பில் பிறந்தது.

3. இரண்டாவது குவார்ட்டர்

ஆறாவது ஆட்டம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், பக்கத்து ஸ்கூலோடு. இரண்டு ஊரும் ஸ்டேடியத்தில்தான் இருந்தது. நாலு குவார்ட்டரில் இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. கோச் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று, ஆட்டத் திட்டங்கள் எழுதிய ப்ளே ஷீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் பையன் ஒருவன் பந்தோடு ஓரமாக ஓடி வர, எதிராளி அவனைத் தள்ள, இருவரும் சேர்ந்து கோச் மீது விழுந்தார்கள். அவர் பின்மண்டை தரையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது.

மூன்று வினாடியில் எழுந்து, தொப்பியைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். கைதட்டல். பிள்ளைகளுக்கும் சிரிப்பு. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதவி கோச்சிடம், "எத்தனாவது டவுனு?" என்று, கிடைக்கும் நாலு முயற்சியில் இது எத்தனையாவது என்று கேட்டார். அவர் சொன்னார். அரை நிமிடத்தில் கோச் மறுபடி கேட்டார். மூன்றாம் தடவை கேட்டபோது பக்கத்தில் போனேன்.

"கோச், இப்ப எந்த குவார்ட்டருங்க?"

"என்னையவா டெஸ்ட் பண்றீங்க?"

"சொல்லுங்க."

"நாலாவது."

"போன வாரம் யாரு கூட ஆடினோம்?"

ஒரு ஸ்கூலின் பெயரைச் சொன்னார். அவர்களோடு ஆடியது போன வருடம்.

"கோச், உங்க ஆட்டம் முடிஞ்சுது. ஹெட்செட்டைக் குடுங்க."

"நான் ஆடறவன் இல்லீங்க மிஸ் கே. சட்டம் பசங்களுக்குத்தான்."

அது உண்மை. எந்தச் சட்டமும் என் கையில் இல்லை. அவர் நினைத்தால் அடுத்த சீசனுக்கு வேறு ட்ரெய்னரைக் கேட்கலாம். ஹெட்செட்டுக்காகக் கையை நீட்டியபடியே நின்றேன். "திரும்பிப் பாருங்க," என்றேன்.

திரும்பினார். பெஞ்சில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஆட்டத்தை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்தார்கள்.

கோச் ஹெட்செட்டைக் கழற்றி உதவி கோச்சிடம் கொடுத்துவிட்டு, பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். டீம் டாக்டர் வந்து பார்த்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கூட்டிப் போக வந்த அவர் மனைவி லிண்டா என் காதருகே சொன்னார்: "இருபத்தெட்டு வருசமா இவர உக்கார வெக்கப் பாக்கறேன். எப்படிங்க பண்ணீங்க?"

அவர் இல்லாமல் அன்று ஜெயித்தோம். அதுவும் பெரிய வித்தியாசத்தில். அதை அவரிடம் யார் போய்ச் சொல்வது என்று இரண்டு நாள் ஆலோசனை நடந்தது.

4. எல்லாம் பூஜ்ஜியம்

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சி, என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அதே பட்டியலை அவருக்கும் கொடுத்தேன். தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சம் கூசுவது என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியத்திலிருந்து ஆறு வரை மார்க் போட வேண்டும். மறுநாளே அனுப்பிவிட்டார். எல்லாம் பூஜ்ஜியம்.

பத்து நிமிடத்தில் லிண்டாவின் போன். "மிஸ் கே, வீட்டுக்குள்ள கூலிங் கிளாஸ் போட்டுட்டு உக்காந்திருக்காரு. ஃப்ரிட்ஜ் சத்தம் போடுதுன்னு அதுகூடச் சண்டை போட்டுட்டிருக்காரு."

ஞாயிறு மத்தியானம் போனேன். திரை போட்ட அறையில், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இருந்தார்.

"நீங்களும் உங்க பசங்களும் ஒரே வாத்தியார்கிட்டப் படிச்சிருக்கீங்க போல," என்றேன்.

அவர் சிரிக்க முயன்று, நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே சொன்னார். "என் ப்ளே ஷீட்டையே என்னால படிக்க முடியலீங்க. எழுத்தெல்லாம் நவுருது. காலு ஒடஞ்சா கட்டுப் போட்டிருக்கும், நாலு பேரு என்னன்னு கேப்பாங்க. இதுல வெளிய பாத்தா ஒண்ணுமே இல்ல. நானே என்னைய நம்ப மாட்டேங்கறேன்."

விலகியிருந்த திரையை இழுத்து மூடினேன். அவர் தொடர்ந்தார்.

"காலேஜ்ல ஒரு மேட்ச்சு. ரெண்டாவது பாதி முழுசா ஆடினேன். அது எனக்கு ஞாபகமே இல்ல. வீடியோவுலதான் பாத்தேன். அத இத்தன வருசமா பசங்ககிட்ட ஜோக்காச் சொல்லிட்டிருக்கேன். எத்தன பசங்க சிரிச்சிருப்பாங்க."

பையிலிருந்து புதுப் பட்டியல் ஒன்றை எடுத்து வைத்தேன். இந்த முறை எழுதி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

மூன்று வாரம் கழித்து, டாக்டர் கையெழுத்தோடு திரும்பி வந்தார். முதல் வேலையாகப் பிள்ளைகளை உட்கார வைத்து அந்தத் தாளை வாசித்தார். "தலைவலி, அஞ்சு. வெளிச்சம் கூசுது, ஆறு. காரணமில்லாம அழுகை வருது, மூணு." பின்னால் யாரோ சிரித்தார்கள். கோச் நிறுத்தி, அந்த வரியை இன்னொரு முறை வாசித்தார். அதற்குப் பிறகு சிரிப்பில்லை.

ப்ராக்டிஸ் மாறியது. முழு பலத்தோடு மோதுவது வாரத்தில் ஒரே நாள், அதுவும் கொஞ்ச நேரம். மற்ற நாட்களில் மெத்தைப் பொம்மையோடு. தலையை நிமிர்த்தித் தோளால் மடக்கப் பழக்கினார். ஹெல்மெட்டுக்கு மேல் மாட்டும் மெத்தை உறை வாங்கினோம். அதைப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றால் பலாப்பழ லாரி மாதிரி இருக்கும். ஒரு அப்பா வந்து, "பசங்கள ரொம்பப் பூப்போல வளக்கறீங்க கோச்" என்றார்.

"தலையால முட்டறதுக்கு ஆட்டுக்கெடா இருக்குதுங்க. நான் பசங்களுக்குத்தான் சொல்லித் தரேன்," என்றார் கோச்.

காயம் குறைந்ததா என்று கேட்பீர்கள். என் ரெஜிஸ்டரில் எண்ணிக்கை ஏறியது. பிரின்சிபால் கூப்பிட்டு, இவ்வளவு செய்தும் ஏன் கூடியிருக்கிறது என்று கேட்டார். "இப்பத்தான் சொல்ல ஆரம்பிச்சிருக்காங்க சார்," என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

5. பிளே ஆஃப்

நவம்பரில் முதல் பிளே ஆஃப். தோற்றால் வீட்டுக்கு. கடைசி குவார்ட்டரில் நாலு நிமிடம் மிச்சம், இரண்டு பாயிண்ட் பின்தங்கி இருந்தோம். ஒரு கிக் கம்பங்களுக்கு நடுவில் போனால் மூன்று பாயிண்ட், ஜெயிக்கலாம். ஒழுங்காக உதைக்கத் தெரிந்தவன் அரவிந்த் ஒருவன்தான்.

அதற்குச் சற்று முன்புதான் அவன் ஒருவனை மடக்கிக் கீழே விழுந்திருந்தான். நான் இன்னொருவனின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. டாக்டரும், உதவி கோச்சும், நடுவரும்கூடக் கவனிக்கவில்லை. சாதாரணமாக எழுந்துதான் நின்றான். அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

மைதானத்தின் நடுவிலிருந்து நேராக என்னிடம் நடந்து வந்தான். ஸ்கூலில் எல்லாரையும் போல என்னை மிஸ் கே என்றுதான் கூப்பிடுவான். அன்று, "ஆன்ட்டி, ஐ டோன்ட் ஃபீல் ரைட்" என்றான். அப்புறம் தமிழில், "லைட்டெல்லாம் ரெண்டா தெரியுது" என்றான்.

அவன் ஹெல்மெட்டை வாங்கி வைத்துக்கொண்டு கோச்சைப் பார்த்தேன். அவர் ஸ்கோர்போர்டைப் பார்த்தார். பிறகு வந்து அரவிந்த் முன்னால் குனிந்து, ஒன்று மட்டும் கேட்டார். "வீட்டுக்கு யாரு கூட்டிட்டுப் போறாங்க?"

"மை மாம்."

"வரச் சொல்லு. நீ பண்ணது செரி."

கிக் இல்லாமல் பந்தோடு ஓடிப் பார்த்தார்கள். கோட்டைத் தொட நாலு கஜம் குறைந்தது. தோற்றோம். சுபா ஓடி வந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள். எஸ்ஏடி பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் எந்த ஹெல்மெட் நல்லது, எந்த டெஸ்ட் நல்லது என்று கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் தலைக்குள் நடப்பதை முதலில் தெரிந்துகொள்வது அந்தப் பிள்ளை மட்டும்தான். மைதானத்தின் நடுவிலிருந்து ட்ரெய்னர் மேஜைக்கு முப்பது கஜம் இருக்கும். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைத் தானாக நடந்து கடப்பது ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சின்ன விஷயமில்லை. அந்த முப்பது கஜத்தைச் சுருக்குவதுதான் நம் வேலை. அதில் பாதியைச் சுருக்க எனக்குப் பல வருடம் பிடித்தது.