தேவிகுளத்து அருள்ராஜின் வலது தோள்

காலை ஐந்தே முக்காலுக்கு வடகரப்பதியில் பஸ் ஏறினேன். எழுபதுகளின் நடுவில் ஒரு மார்கழிக் கடைசி. பொங்கலுக்கு நடக்கும் வாலிபால் போட்டியில் பெருமாட்டிக்காரர்களிடம் வருடா வருடம் தோற்று எங்கள் மானம் போய்க்கொண்டிருந்தது. இந்த முறை தேவிகுளம் எஸ்டேட்டில் ஆடும் அருள்ராஜைக் கூட்டி வந்தே தீருவது என்று கிளப்பில் முடிவு செய்தார்கள். அலைவதற்கு நான்தானே இளிச்சவாயன்! துரை என்று அங்கே சொல்லும் எஸ்டேட் மேனேஜருக்குக் கடுதாசி போட்டு அனுமதியும் கேட்டிருந்தேன்.

பொள்ளாச்சி வழியாக உடுமலை. அங்கிருந்து மூணாறுக்கு எண்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் நாலே முக்கால் ரூபாய். சின்னாறு செக்போஸ்டில் போலீஸ்காரர் என் பையைக் குடைந்து கட்டுச்சோற்றைக் கண்டுபிடித்தார். மறையூர் தாண்டியதும் குளிர் ஏறியது. பக்கத்தில் இருந்த தோட்டத் தொழிலாளி நான் போகும் காரியத்தைக் கேட்டுச் சிரித்தார்.

“அருள்ராசா? அவனுக்கென்னய்யா! எங்கள மாதிரி தேயிலச் செடிய கவாத்து வெட்டணுமா, கூடை சுமக்கணுமா? பந்தடிக்கதுக்குன்னே துரை அவனுக்கு வாச்சர் வேல குடுத்திருக்காரு.”

மூணாறில் பஸ் மாறித் தேவிகுளம் சேர்ந்தபோது மணி மூன்று. நாலரைக்குத் தேயிலை பேக்டரி மைதானத்தில் ஆட்டம் ஆரம்பித்தது. அருள்ராஜ் எம்பினான். அடடா, என்ன உயரம்! ஆனால் பந்தை அடிக்கவில்லை, விரலால் வலைக்கு மேல் தட்டிவிட்டான். “ஏமாத்திட்டான்லே!” என்று கூட்டம் கொண்டாடியது. மறுபடியும் அதே தட்டல். சர்வீஸும் இடுப்புக்குக் கீழிருந்தே போட்டான். நானும் பல வருடம் ஆடியவன். வலது தோள் கெட்டிருக்கிறது என்று பிடிபட்டது.

லயத்தில், அதாவது எஸ்டேட் கொடுத்த வரிசை வீட்டில், அவன் அம்மா பாலில்லாத கட்டன் சாயா கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனார்.

“தோளு எப்பத்திலிருந்து தம்பி இப்பிடி?” என்றேன்.

அவன் முதலில் வாசலைப் பார்த்தான். “ஓணத்துல இருந்துண்ணே. கைய ஓங்கி அடிக்க முடியல. அம்மாவுக்குத் தெரியாது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில காட்டுனா ஆபீசுக்குத் தெரிஞ்சிரும். பந்து இல்லன்னா வாச்சர் வேலயும் இல்ல. இந்தக் கைய வச்சுக் கவாத்து வெட்ட முடியுமா? வயசாயிட்டுன்னு அம்மா பேர வேலக் கணக்குல இருந்து வெட்டிட்டாக. எம்பேருலதான் இந்த வீடு நிக்கி.”

“கோயமுத்தூருக்கு வா. நல்ல டாக்டர்கிட்ட நாங் காட்டறேன்.”

“ஈஸ்டருக்கு லீவு கேட்டுப் பாக்கேன். முந்தின நாள் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல நில்லுங்கண்ணே.”

மறுநாள் காலை துரையைப் பார்க்கப் போனோம். “கொண்டு போய்க்கோங்க. பட்சே, பொங்கல் கழிஞ்சா ஆள் திரும்பி இங்கே எத்தணும்” என்றார் அந்த மலையாளத்துக்காரர்.

இந்தத் தோளோடு எங்கள் ஊர் மைதானத்தில் இறங்கினால் அன்றைக்கே குட்டு உடைந்துவிடும். சட்டென்று ஒரு பொய் சொன்னேன்.

“பையன் வர மாட்டேங்கறானுங்க. இந்த எஸ்டேட்டை உட்டுப்போட்டு வேற ஆருக்கும் ஆட மாட்டானாமா.”

துரைக்கு முகமெல்லாம் சிரிப்பு. எழுந்து வந்து அருள்ராஜின் தோளில் ஓங்கித் தட்டினார். வலது தோளில். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

ஊரில் கிளப் செகரட்டரி பிடித்துக்கொண்டார். “ஏனுங்க, ஆளெங்கீங்க?”

“வரமாட்டேன்னுட்டானுங்க.”

“அவனுக்கு அவ்வளவு திமிராங்க?” என்று கத்தினார். அந்தப் பொங்கலிலும் தோற்றோம். ஊரே அவனைத் திட்டியது. 

எங்கள் ஊரில் தோள் போனவனுக்கு ஆட்டம் மட்டும்தான் போகும். கோட்டோரம் உட்கார்ந்து விசில் ஊதிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவான். எஸ்டேட்டில் வீடே போய்விடும்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் பொழுது சாயும்வரை நின்றேன். உடுமலை பஸ்கள் வந்துகொண்டே இருந்தன, அவன் இறங்கவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதவும் வழியில்லை. லயத்துக்குப் போகும் கடுதாசியை முதலில் ஆபீசில்தான் பிரித்துப் படிப்பார்கள்.